பதினோரு மணிக் கஞ்சி

பட்டென்று ஒரு சத்தம், கொஞ்சம் இடைவெளி, பிறகு டக், டக், டக் என்று மூன்று தட்டு. இன்றைக்கும் அதே மூன்றுதான். கட்டிலில் மல்லாந்து கிடந்த நெல்லைநாயகம், மணி பத்து நாற்பது இருக்கும் என்று நினைத்துக் கண்ணைத் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பத்து நாற்பத்திரண்டு. இரண்டு நிமிஷம் பிந்தியிருக்கிறாள். அவனுடைய பதினோரு மணிக் கஞ்சி அடுப்பில் ஏறுவதற்கு முன்னால், இருபத்துமூன்று நாளாக, ஆவுடை சமையலறையில் எதையோ இடிக்கிறாள். இஞ்சி இடிக்கிற சின்னக் கல்லுரலில்தான் இடிக்கிறாள், ஆனால் அது இஞ்சி இல்லை. இஞ்சி நசுங்கும்போது சத்தத்தில் ஓர் ஈரம் இருக்கும். மிளகு என்றால் முதல் தட்டிலேயே ஒன்றிரண்டு தெறித்து ஓடும், அவள் ‘சவத்து மூதி’ என்று திட்டிக்கொண்டே பொறுக்குவாள். சீரகம் என்றால் தட்டுவதோடு விடமாட்டாள், நறநறவென்று தேய்ப்பாள். இது மூன்றே தட்டில் பொடியாகிற சாமான். அதற்கு முன்னால் வருகிற அந்தப் பட்? மூன்று வருஷமாக மாத்திரை அட்டைகளோடு குடித்தனம் நடத்தியவனுக்கு அது தெரியாதா? தாளைப் பெருவிரலால் அமுக்கி மாத்திரையை வெளியே தள்ளுகிற சத்தம். ஆனால் அவனுக்கு இப்போது மாத்திரை எதுவும் கிடையாது, டாக்டரம்மா எல்லாவற்றையும் நிறுத்தி ஐந்து மாசம் ஆகிறது. அப்படியானால் அது யார் வயிற்றுக்குப் போகிறது? இதைக் கண்டுபிடிக்க நில அளவைத் துறையில் இருபது வருஷம் குப்பை கொட்டியிருக்க வேண்டியதில்லை. கஞ்சி யாருக்கோ அவனுக்குத்தான் பொடியும்.

எழுந்து போய்ப் பார்த்துவிடலாம். கட்டில் காலிலிருந்து சமையலறை நிலைவரை பதினான்கு அடி, அவன் காலடியில். தென்காசி வட்டாரத்தில் பாதிக் கிராமங்களை அளந்தவன், காலையில் இறங்கினால் வரப்பு வரப்பாகப் பதினைந்து கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்து சாயங்காலம் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு தேரடிவரை போகிறவன், இன்றைக்குப் பதினான்கு அடிக்கு யோசிக்கிறான். ஒரு நாளைக்கு இவ்வளவு நடைதான் என்று உடம்பு ரேஷன் போட்டுவிட்டது. காலையில் ஸ்டூலில் உட்கார்ந்து குளித்ததே பாதி ரேஷனைத் தின்றுவிட்டது. சவரம் செய்யக் கையைத் தூக்கிப் பிடித்ததில் இன்னும் கொஞ்சம் போயிற்று. மீதி இருப்பதைச் சாப்பாட்டுக்கும் கக்கூஸுக்கும் வைத்துக்கொள்ள வேண்டும். மீறி நடந்தால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது, அதுதான் இந்தச் சீக்கின் கள்ளத்தனம். இன்றைக்குச் சிரித்தபடி விட்டுவிடும், நாளை மறுநாள் வந்து சேர்த்துவைத்து அடிக்கும். கண் கூசும், தொண்டை கட்டும், கைவிரலைத் தூக்கவே ஆள் வேண்டும், எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தால் எட்டு மணி நேரம் மூட்டை தூக்கியது போல் இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு விஷக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, அசதி போகவில்லை. ரத்தம், சிறுநீர், இருதயம், தைராய்டு, தலைக்கு ஸ்கேன் என்று ஏழு பைல் சேர்ந்தது, ஏழிலும் ஒரே வார்த்தை: நார்மல். அந்த வார்த்தையைப் போல அவனை அவமானப்படுத்தியது வேறு எதுவும் இல்லை. அதற்கு அடுத்தபடி இன்னொன்று உண்டு, ‘கொஞ்சம் நடந்து பாத்தியளா?’ பால்காரர் கேட்டார். ஆபீசில் கேட்டார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த, இன்னார் என்றே தெரியாத ஒரு கிழவர் கேட்டார். இரண்டு டாக்டர்கள் கேட்டார்கள். நடந்து நடந்தே சாப்பிட்டவனைப் பார்த்துக் கேட்டார்கள். ஆவுடை மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. அதை அவன் ரொம்ப நாள் அவளுடைய பெருந்தன்மை என்றுதான் நினைத்திருந்தான். இப்போது நினைத்துப் பார்த்தால், கேட்காததற்குக் கூட ஒரு காரணம் இருக்கத்தானே வேண்டும்?

திருநெல்வேலி டாக்டரம்மாதான் முதலில் பெயர் சொன்னவர். க்ரானிக் ஃபெட்டீக் சிண்ட்ரோம் என்று சொல்லிவிட்டு, ‘இது நெசமான நோய்தான், நீங்க நடிக்கல’ என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்துக்கு நாயகம் அந்த அறையிலேயே அழுதான், நாற்பத்தாறு வயசு ஆம்பிளை, பக்கத்தில் பெண்டாட்டி நிற்க. ‘சாப்பாட்டுல இது குணமாயிரும்னு நான் சொல்லமாட்டேன். ஆனா எது ஒத்துக்கிடல, எது ஒத்துக்கிடுதுன்னு பாத்துச் சாப்பிட்டா சில பேருக்குக் கொஞ்சம் தாங்கும். கொஞ்சங் கொஞ்சமாச் சாப்பிடுங்க, இருக்க தெம்பைப் பிரிச்சு வச்சுச் செலவழிங்க’ என்றார். பாத்துச் சாப்பிடுங்க என்றால் போதாதா அளவைக்காரனுக்கு? புதுசாக ஒரு நோட்டு வாங்கி, வயலுக்குப் புலப்படம் வரைகிற மாதிரிக் கோடு போட்டு, ஒவ்வொரு சாப்பாட்டுச் சாமானையும் எட்டெட்டு நாள் நிறுத்திப் பார்த்தான். முதலில் கோதுமை. பிறகு பால், அதோடு காப்பி போனது, காப்பி போன நாலு நாள் அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. பிறகு சர்க்கரை, வெல்லம் சேர்த்து. பிறகு புளியை நிறுத்தி மறுபடி சேர்த்தான், பாவம் புளிமேல் ஒரு குற்றமும் இல்லை. கடைசியில் நின்றது இதுதான்: மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் கொஞ்சம், சாமைக் கஞ்சி, பாசிப்பயறு, முருங்கைக்கீரை, ஊறவைத்த கடலை. நல்ல நாளுக்கு நோட்டில் ஒரு சின்ன முக்கோணம், விழுந்த நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. முதல் மூன்று மாசம் பக்கம் முழுக்கப் பெருக்கல் வாய்ப்பாடுதான். பிறகு ஒன்றிரண்டு முக்கோணம். பிறகு, இதோ, வரிசையாக இருபத்துமூன்று. இருபத்துமூன்று நாள் அவன் விழவில்லை. நோட்டின் நடுவில் தாசில்தார் ஆபீசுக்கு எழுதிய கடிதம் மடித்து இருக்கிறது, உட்கார்ந்து பார்க்கிற வேலை ஏதாவது கொடுத்தால் திங்கட்கிழமை வந்து சேர்கிறேன் என்று. அதில் ‘உணவுக் கட்டுப்பாட்டினால் உடல் தேறி’ என்ற வரியை மட்டும் மூன்று தரம் திருத்தி எழுதியிருந்தான். அந்த வரிதான் அவனுடைய மானம்.

இருபத்துமூன்று முக்கோணம், இருபத்துமூன்று இடி. இரண்டும் ஒரே நாளில் ஆரம்பித்திருக்கின்றன. இதை அவன் முந்தாநாள்தான் கவனித்தான், கவனித்ததிலிருந்து படுக்கை முள்ளாகிவிட்டது. அதற்கு முந்தின நாள் யார் வந்தது? பிச்சையா அண்ணன். சும்மா வந்தேன் என்று வந்தார், பிச்சையா அண்ணன் சும்மா எங்கேயும் போகிறவர் இல்லை. போன வருஷம் வந்தபோது நாயகம் தூங்குகிறான் என்று நினைத்து வாசல் நடையில் நின்று ஆவுடையிடம் சொன்னார், ஒரு எழுத்து விடாமல் அவனுக்கு நினைவிருக்கிறது: ‘அவனுக்கு ஒடம்புல ஒண்ணுமில்ல தாயி. மனசுல எதையோ போட்டுப் பூட்டிக்கிட்டுக் கெடக்கான். எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்காரு, மாத்திரை தருவாரு. இவங்கிட்டச் சொன்னா திங்கமாட்டான். பொடிச்சுக் கஞ்சில போட்டுக் குடு, ருசியே தெரியாதாம்.’ அதற்கு ஆவுடை என்ன சொன்னாள்? ‘காப்பி ஆறுது, குடிங்க அத்தான்’ என்றாள். அவ்வளவுதான். மாட்டேன் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. ஒரு வருஷமாக நாயகம் அந்தக் காப்பியைக் கிண்டிக்கொண்டே இருக்கிறான், அடியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. இந்தத் தடவை அண்ணன் வந்து போன அன்றைக்குச் சாயங்காலம் ‘கோயிலுக்குப் போயிட்டு வாரேன்’ என்று கிளம்பியவள், விளக்கு வைத்து ரொம்ப நேரம் கழித்து வந்தாள். நெற்றியில் திருநீறு இல்லை. பிறந்ததிலிருந்து கோயில் வாசலை மிதித்துவிட்டு நெற்றி வெறுமையாக வந்தவள் இல்லை அவள், அவனுக்கும் ஒரு துளி மடித்து எடுத்துவந்து பூசிவிடுகிறவள். அன்றைக்கு அவன் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதையாகிவிட்டது.

வயலில் எல்லைக்கல்லை நகர்த்துகிறவன் கல்லை மட்டும்தான் பார்ப்பான், மண்ணைப் பார்க்கமாட்டான். ராத்திரியில் பிடுங்கி ரெண்டு முழம் தள்ளி நட்டுவிட்டுக் காலையில் ஒன்றும் தெரியாதவன் போல் வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டு நிற்பான். நாயகம் போய்க் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்ப்பான், பழைய மண் இறுகியிருக்கும், புது மண் விரலோடு வரும். இந்த வீட்டில் இப்போது தொட்ட இடமெல்லாம் புது மண். சாமை டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ, நாளைக்கு ஒரு கை என்று இருபது நாள் வரவேண்டியது, பத்தே நாளில் தீர்ந்துவிட்டது. பொடி கட்டிபட்டுப் போகிற கஞ்சியைக் கீழே கொட்டிவிட்டு மறுபடி வைக்கிறாள் போலிருக்கிறது. அடுத்தது, மிச்சம். அவன் குடித்தது போக மிச்சக் கஞ்சியை அவள்தான் ஊறுகாய் தொட்டு வழித்துக் குடிப்பாள், சோற்றை வீணாக்கினால் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். இப்போது தொடுவதில்லை. முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டுப் பாத்திரத்தைக் கையோடு கழுவிவிடுகிறாள். தான் தொடாத கஞ்சியைப் புருஷனுக்குக் கொடுக்கிற பெண்பிள்ளையை என்ன சொல்வது? அடுத்தது, நோட்டு. தலைமாட்டில் இருக்கிற நோட்டை அவன் தூங்கும்போது யாரோ எடுக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, மகள் நாகர்கோவிலில் ஹாஸ்டலில் இருக்கிறாள், வீட்டில் இருப்பது இரண்டே உருப்படி. முக்கோணங்களுக்குக் கீழே நாலு இடத்தில் மஞ்சள் கறை, பொட்டளவு, மசால் தொட்ட விரல். எதற்கு எடுக்கிறாள்? பொடி வேலை செய்கிறதா என்று பார்த்து அண்ணனுக்குச் சொல்ல. போன வாரம் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டான், ‘என்னமோ இடிக்க சத்தம் கேட்டுதே?’ ‘சீரகம்’ என்றாள். கஞ்சியில் சீரக வாசமே இல்லை. கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்தில் அவன் கண்டுபிடித்த அவளுடைய முதல் பொய் அது. கண்டுபிடிக்காதது எத்தனை இருக்கிறதோ.

சமையலறையில் தண்ணீர் விழுகிற சத்தம், பிறகு அடுப்புப் பற்றுகிற சத்தம். தெருவில் உப்புக்காரன் சைக்கிளில் கத்திக்கொண்டு போனான், அந்தச் சத்தம் காதில் நுழைந்து மண்டைக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயிற்று. நாயகம் தன் கால் பெருவிரலை அசைத்துப் பார்த்தான். அசைந்தது. இது தினமும் செய்கிற சோதனை. அசைகிறதே, நன்றாகத்தானே அசைகிறது, அப்படியானால் இது யார் அசைவு, சாமையினுடையதா பொடியினுடையதா? பயம் அங்கேதான் இருக்கிறது. அவள் மாத்திரை கொடுக்கிறாள் என்பதல்ல பயம். அது வேலை செய்கிறது என்பதுதான் பயம். மனசுக்கான மாத்திரையில் உடம்பு தேறினால், சீக்கு மனசில்தான் இருந்தது. அப்படியானால் பிச்சையா அண்ணன் சொன்னது சரி, பால்காரர் சொன்னது சரி, மூன்று வருஷம் ஒரு தடியன் கட்டிலில் கிடந்து ஊரை ஏமாற்றியிருக்கிறான், பெண்டாட்டி கையால் வாங்கித் தின்றுகொண்டு. கோதுமையை நிறுத்தியது, பாலை நிறுத்தியது, கோடு போட்டது, காப்பி வாசம் அடுத்த வீட்டிலிருந்து வரும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு படுத்தது, எல்லாம் கோமாளித்தனம். முக்கோணமெல்லாம் அவளுடையது. இல்லை, இல்லை, அவள் அப்படிச் செய்யமாட்டாள். செய்யமாட்டாளா? மாத்திரை என்றாலே அவளுக்கு ஆகாது, மகள் உமையாள் பிறந்த சமயத்தில் கொடுத்த ரத்த மாத்திரையை விழுங்க முடியாமல் ஓங்கரித்து ஓங்கரித்து, கடைசியில் நாயகம்தான் கரண்டிக் காம்பால் நுணுக்கி வெல்லத்துக்குள் வைத்து உருட்டிக் கொடுப்பான், யானைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி இருக்குட்டி என்று கேலி செய்துகொண்டு. அவள் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறப்பாள். அப்போது அவளுக்கு இருபத்துமூன்று வயசு, கழுத்தில் இரண்டு மடிப்பு இருக்கும். இப்போது இல்லை. எப்போது போயிற்று அது? போன தீபாவளிக்கு எடுத்த ஜாக்கெட் தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கிறது, தையல்காரனைத் திட்டினாள். சரி, எதையோ நினைக்கப்போய் எங்கேயோ போய்விட்டது. இப்போது கேள்வி கஞ்சி. பன்னிரண்டு நிமிஷத்தில் அது டம்ளரில் வரும். குடிப்பதா, வேண்டாமா?

குடிக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்பாள். சொன்னால் சண்டை. சண்டைக்கு எத்தனை அடி ரேஷன் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை, ஆனால் அவனுக்குத் தெரியும், போன ஆடியில் அண்ணனோடு போட்ட அரை மணிச் சண்டைக்கு ஒன்பது நாள் விழுந்து கிடந்தான். பேசாமல் குடித்துவிட்டால்? இருபத்துநாலாவது முக்கோணம் போடலாம், திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகலாம், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பட்டா நகல் பார்க்கலாம், ‘எப்படித் தேறுனிய?’ என்று கேட்பார்கள், சாப்பாட்டுல என்று சொல்வான், வீட்டில் அவள் கல்லுரலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சிரித்துக்கொள்வாள். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், சரிதான், ஆனால் பேயே நேரில் வந்து நிற்கும்போதும் அதையேதான் சொல்வார்கள். அவன் காதைத் தீட்டிக்கொண்டான். அடுத்து வரவேண்டியது சாமை கழுவுகிற சத்தம், மூன்று தண்ணீர். அது வந்தாயிற்றா? வந்தது, முதலிலேயே வந்தது. பிறகு கரண்டி பாத்திரத்தின் விளிம்பில் படுகிற சத்தம், கஞ்சி அடிப்பிடிக்காமல் இருக்க நிமிஷத்துக்கு ஒரு தரம் கிண்டுவாள். அது வரவில்லை. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். கரண்டி இல்லை, வளையல் இல்லை, காலடி இல்லை. அடுப்பு மட்டும் உஸ்ஸென்று எரிந்துகொண்டிருந்தது. என்ன செய்கிறாள்? பொடியைக் கையில் வைத்துக்கொண்டு, போடலாமா வேண்டாமா என்று நிற்கிறாளா? கையும் களவுமாகப் பிடிப்பது என்றால் இந்த நிமிஷம்தான், இதை விட்டால் இன்னொரு நாள் இல்லை. சந்தேகம் ஒரு மனுஷனுக்கு எவ்வளவு தெம்பு கொடுக்கும் என்பதை டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும். நாயகம் எழுந்து உட்கார்ந்தான்.

தலை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு. மூன்றில் பீரோ. கண்ணாடியில் யாரோ ஒரு வெளுத்த ஆள் கள்ளன் மாதிரிப் பதுங்கி நடக்கிறான், சொந்த வீட்டில். ஐந்து, ஆறு. நெஞ்சு அடித்துக்கொண்டது, இந்த அடிப்புக்குச் சனிக்கிழமை படுக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை, சனிக்கிழமை கிடக்கட்டும். பார்த்தவுடன் என்ன சொல்வது? ‘சீரகமா?’ என்று ஒரே வார்த்தை கேட்டால் போதும். அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். ஒன்பது. உள்ளங்காலில் தரை குளிர்ந்தது, சிமெண்டுத் தரை, அவன் நடமாடிய காலத்தில் இந்த விரிசல் இல்லை. பத்து, பதினொன்று. கஞ்சி கொதிக்கிற வாசம். பன்னிரண்டில் நின்று மூச்சு வாங்கினான், சத்தம் வராமல் வாயால் வாங்கினான், மூன்று வருஷத்தில் இவ்வளவு கவனமாக அவன் எதையும் செய்ததில்லை. பதின்மூன்று. பதினான்காவது அடியில் நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

ஆவுடை தரையில் உட்கார்ந்திருந்தாள். அரிசி டிரம்மில் தலையைச் சாய்த்து, வாய் கொஞ்சம் திறந்து, கால்களை முன்னால் நீட்டி. தூங்குகிறாள் என்று சொல்லமுடியாது. அது வேறு மாதிரி, அவனுக்குத் தெரிந்த மாதிரி. பக்கத்தில் கல்லுரல். அதன் வயிற்றில் வெள்ளையாகக் கொஞ்சம் பொடி, அருகே பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, ஒரு காகிதத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வெல்லத்துண்டு. வெல்லம் இந்த வீட்டை விட்டுப் போய் மாசக்கணக்காகிறது. மேடைமேல் இரண்டு டம்ளர் இருந்தன. அவனுடைய எவர்சில்வர் டம்ளர், அதன் பக்கத்தில் அவளுடைய பழைய பித்தளை டம்ளர். நாயகம் இரண்டையும் பார்த்தான், வெல்லத்தைப் பார்த்தான், அவள் கழுத்தைப் பார்த்தான்.

“எந்திச்சா வந்திய?” என்று கண்ணைத் திறந்த ஆவுடை எழுந்திருக்கப் பார்த்தாள். கையை ஊன்றினாள், ஊன்றிய கை மடங்கியது, மறுபடி உட்கார்ந்துவிட்டாள். “இந்தா வந்துட்டேன், கஞ்சி ஆயிட்டு. நீங்க போய்ப் படுங்க.”

“யாருக்கு மாத்திரை?”

“எனக்குத்தான்.”

“உனக்கு என்னட்டி?”

“அசதி” என்றாள். ஏதோ அடுத்த வீட்டுச் சாமானை எடுத்துவிட்டு மாட்டிக்கொண்டவள் மாதிரிச் சொன்னாள்.

“எப்பயிருந்து?”

“தீவாளிக்கு முந்தியே. துணி பிழிய முடியல. தண்ணிக் குடத்த எறக்கி வச்சா ஏத்த முடியல. ராத்திரி தூங்கி எந்திச்சாலும் தூங்குன மாதிரியே இல்ல.”

“டாக்டர்ட்டப் போகண்டாமா?”

“போனேன்லா. கோயிலுக்குன்னு சொல்லிட்டுப் போனேன்ல, அன்னைக்கு. ரத்தமெல்லாம் எடுத்தாங்க. எல்லாம் நார்மலாம். சத்து மாத்திரைதான் எழுதிக் குடுத்தாரு, அதுவும் முழுசா எறங்கமாட்டேங்கு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“ஒரு வீட்டுல ஒரு கட்டில்தான இருக்கு” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாமான் இருக்கிற இடத்தைச் சொல்வதுபோல் சொன்னாள். பிறகு, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, சமாதானம் சொல்ல ஆரம்பித்தாள். “ஒண்ணும் பயப்படாதிய. ஒங்க நோட்டப் பாத்துதான் நானும் சாப்பிடுதேன். காப்பிய விட்டுட்டேன். இந்தக் கஞ்சியேதான், ஒங்களுக்கு வைக்கும்போது எனக்கும் ஒரு கை சேத்துப் போட்டுருவேன். அதுக்கு மேல மிச்சத்தக் குடிக்க வயித்துல எடமில்ல, மரத்துக்கு ஊத்திருதேன். ஒங்களுக்குச் சரிப்பட்டு வருதுல்லா, எனக்கும் வரும். நாலு நாளு நல்லா இருந்துச்சு. ஒங்க நோட்டுல கீழயே பொட்டு வச்சிருக்கேன், பென்சில் கெடைக்கல, மஞ்சளத் தொட்டு.”

இருபத்துமூன்றில் நாலு. அந்த நேரத்தில் நெல்லைநாயகம் என்ன நினைத்திருக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியும். மூன்று வருஷத்தில் அவனை முழுசாக நம்பிய ஒரே ஆள் இவள்தான், நம்பியதற்குச் சாட்சியாக அவன் தின்றதையே தின்றுகொண்டு தரையில் கிடக்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். அதை அவன் நினைத்தான், ஆனால் பிற்பாடுதான் நினைத்தான். முதலில் வந்தது வேறு. எல்லாம் நார்மல் என்றால்? எல்லாம் நார்மல் என்றால் ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்? மூன்று வருஷம் ஒருத்தனையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் வராது, மனசில் ஒட்டிக்கொண்டிருக்கும். வேலை அலுத்துப்போயிருக்கும். ஒருவேளை அவனைப் பார்த்து இவளும். அது பிச்சையா அண்ணன் குரலில் வந்திருந்தால் அவன் தள்ளியிருப்பான். அவனுடைய குரலிலேயே வந்தது, வந்த வேகத்தில் வாய்வரைக்கும் வந்துவிட்டது.

“கொஞ்சம் நடந்து பாத்தியா?” என்றான் நாயகம்.

ஆவுடை அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பான். கோபம் இல்லை. இந்த மனுஷனும்தானா என்று பார்க்கிற பார்வை அது, அவன் எத்தனையோ பேரைப் பார்த்த பார்வை, கண்ணாடி இல்லாமல் இன்றைக்குத்தான் அதை எதிரில் பார்க்கிறான்.

“நடக்கத்தான செய்யுதேன்” என்றாள். “அடுப்புக்கும் கட்டிலுக்கும். பதினாலு அடி.”

அவனுக்கு வெட்கமாக இருந்தது. காது மடல்வரை சுட்டது. அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்ப எடுத்து விழுங்க முடியுமானால், வெல்லத்தில் வைத்தாவது விழுங்கிவிடுவான். பதினான்கு அடியோடு அன்றைய ரேஷன் தீர்ந்துவிட்டது. நிலையைப் பிடித்தபடியே மெதுவாகச் சரிந்து, அவள் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தான். அவள் காலைக் கொஞ்சம் மடக்கி இடம் விட்டாள். அரிசி டிரம்மில் இரண்டு தலைக்கு இடம் இருந்தது. அட்டையையும் உரலையும் தள்ளி வைத்துவிட்டு, வெல்லத்துண்டை எடுத்து, நடுவில் நகத்தால் குழித்து, பொடியை அதற்குள் வைத்து மூடி உருட்டினான். கொஞ்சம் சிந்தியது. நீட்டினான். ஆவுடை கையில் வாங்கிக்கொண்டாள், வாயைத் திறக்கவில்லை. அவனாகப் பார்த்து ஏதாவது சொல்வான் என்று கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டு, தானே போட்டு விழுங்கினாள்.

மேலே கஞ்சி பொங்கிப் பாத்திரத்தின் விளிம்புக்கு வந்தது. மூடி தடதடவென்று ஆடியது. முதல் சொட்டு வழிந்து தீயில் விழுந்து சுர்ரென்றது, அடிப்பிடிக்கிற வாசமும் வந்துவிட்டது. யாராவது எழுந்து அடுப்பை அணைக்க வேண்டும். இரண்டு பேரும் அண்ணாந்து அடுப்பைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.